210 ரூபாய் குறைந்ததற்கு 1,947 ரூபாய்: மதுரை மாவட்ட வங்கி மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை மாவட்டத்தில் இருக்கும் அரசு வங்கி, தனியார் வங்கி எல்லாவற்றின் கிளை மேலாளர்களுக்கும் வணக்கம்.

நான் உசிலம்பட்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பதினோரு வருஷம் ஆகிறது. போர்டில் ஜெராக்ஸ் என்று இருந்தாலும் கடையில் பாதி வேலை பாஸ்புக் படித்துச் சொல்வதுதான். பேங்க் மெஷினில் விட்டு என்ட்ரி போட்டுக்கொண்டு நேரே என் கடைக்கு வருவார்கள். மடியில் மடக்கி வைத்திருந்த பாஸ்புக்கை எடுத்து நீட்டி, "என்னமோ பிடிச்சிருக்காய்ங்க தாயி, என்னான்னு பாரு" என்பார்கள். பார்ப்பேன். இங்கிலீஷில் நாலு எழுத்துச் சுருக்கம் ஒன்று இருக்கும், பக்கத்தில் ஒரு தொகை இருக்கும். அது மினிமம் பேலன்ஸ் இல்லாததற்கு, இது தவணை பவுன்ஸ் ஆனதற்கு, இது எஸ்.எம்.எஸ். அனுப்பியதற்கு என்று சொல்வேன். அடுத்து அவர்கள் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: "திரும்ப வாங்க முடியாதா?"

அந்தக் கேள்வியை உங்களிடம் கொண்டு வரத்தான் இந்த மடல்.

போன கார்த்திகையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். செல்லம்பட்டி பக்கமிருந்து வரும் ஒரு மதினி. சொந்தம் ஒன்றும் கிடையாது, அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டது. மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுக்கப் போகிறவர். விடிவதற்கு முன்னால் போய், மொட்டு விரியும் முன் பறித்து, எடை போட்டுக் கூலி வாங்க வேண்டும். முன்பு அவர் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தார். சம்பளம் போட மில்லே ஒரு வங்கியில் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தது. அப்போது அதில் மினிமம் பேலன்ஸ் எதுவும் கிடையாது. இடுப்பு வலி வந்து மில்லை விட்டு நின்றார். சில மாதம் சம்பளம் வராமல் போனதும் அந்தக் கணக்கு சாதாரண சேமிப்புக் கணக்காக மாறிவிட்டது. மாதச் சராசரி இருப்பு 2,500 இருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. அவருக்கு இது தெரியாது. தெரியப்படுத்தியதாக வங்கி சொல்லும் எஸ்.எம்.எஸ். இங்கிலீஷில் இருந்தது. அவர் வைத்திருப்பது பட்டன் போன்.

தையல் மிஷின் வாங்க ஒரு கம்பெனியில் கடன் எடுத்திருந்தார். மாதம் 5ஆம் தேதி 1,850 ரூபாய் தவணை, இதே கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளும்படி கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். அந்த 5ஆம் தேதி கணக்கில் இருந்தது 1,640. மழையில் பூ இல்லை. 210 ரூபாய் குறைந்ததால் தவணை திரும்பிவிட்டது. வங்கி 250 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 45 ரூபாயும் சேர்த்து 295 எடுத்தது. மிச்சம் 1,345.

போன் வந்ததும் மதினி பதறிப்போய் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கி 9ஆம் தேதி 250 ரூபாய் கட்டினார். சலான் எழுதிக் கொடுத்தது நான்தான். "210 தானே குறைஞ்சுச்சு, 40 கூடவே கட்டிருக்கேன்" என்று நிம்மதியாகப் போனார். 10ஆம் தேதி கம்பெனி மறுபடி தவணையை எடுக்கப் பார்த்தது. கணக்கில் இருந்தது 1,595. மறுபடி திரும்பியது, மறுபடி 295. மாதக் கடைசியில் சராசரி இருப்பு குறைந்ததற்கு 150 ரூபாயும் 27 ரூபாய் வரியும். பாஸ்புக்கில் கடைசி வரி 1,123.

இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்று கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் 295ஐ எடுக்காமல் இருந்திருந்தால் 9ஆம் தேதி அவர் கட்டிய 250ஓடு சேர்த்து 1,890 இருந்திருக்கும். 1,850 போயிருக்கும். இரண்டாவது தடவை பவுன்ஸ் ஆனதற்குக் காரணம் அந்த மதினி கிடையாது, நீங்கள் முதல் தடவை எடுத்த அபராதம். அதற்கும் சேர்த்து அவரிடமே அபராதம் வாங்கினீர்கள்.

வங்கி எடுத்தது மொத்தம் 767. கடன் கொடுத்த கம்பெனி தன் பங்குக்குத் தடவைக்கு 590 என்று இரண்டு தடவை போட்டது, 1,180. ஆக 210 ரூபாய் குறைந்ததற்கு 1,947 ரூபாய். கட்ட முடியாமல் போன தவணையே 1,850தான். அந்தத் தவணை இன்னும் கட்டாமல் அப்படியே நிற்கிறது.

மனு எழுதிக் கொடுத்தேன். அவரோடு கிளைக்கும் போனேன். மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். "நாங்க எடுக்கலைம்மா, சிஸ்டமே எடுத்துக்குது, எங்க கையில ஒண்ணும் இல்ல" என்றார். மனு வாங்கியதற்கு நகலில் சீல் போட்டுத் தரக் கேட்டோம். "இதுக்கெல்லாம் சீல் எதுக்கு" என்று சொல்லிவிட்டார். எந்த வங்கி, எந்தக் கிளை என்று இங்கே எழுதவில்லை. ஒருத்தரைக் குற்றவாளி ஆக்க இந்த மடலை எழுதவில்லை, இதே பதிலைப் பல கவுண்டர்களில் கேட்டிருக்கிறேன்.

ஆனால் கையில் ஒன்றும் இல்லை என்பது சரியில்லை. அதற்கு நேர்மாறாகவும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எழுமலையிலிருந்து ஒரு பெரியவர் வருவார். முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாயை நம்பித்தான் சாப்பாடு. அவர் கணக்கில் மூன்று மாதமாக மாதம் 177 ரூபாய் போய்க்கொண்டிருந்தது. இன்னொரு வங்கி, இன்னொரு மேலாளர். அவர் பாஸ்புக்கை வாங்கி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வரி வரியாகப் பார்த்தார். "அய்யா, வேற வருமானம் ஏதும் உண்டா?" என்று கேட்டார். "ரேசன் அரிசிங்கய்யா" என்றார் பெரியவர். மேலாளர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ஒரு படிவம் எடுத்துக் கைநாட்டு வாங்கி, கணக்கை ஜீரோ பேலன்ஸ் கணக்காக மாற்றச் சொன்னார். பிடித்த 531 ரூபாயும் நாலு நாளில் திரும்ப வரவாகிவிட்டது. ரிவர்சல் என்று பாஸ்புக்கில் மூன்று வரி. பெரியவர் என் கடையில் அந்த மூன்று வரியையும் விரலால் தடவிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆக சிஸ்டம் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவும் சிஸ்டத்தில் வழி இருக்கிறது. யார் அதைச் செய்யச் சொல்கிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

ரிசர்வ் வங்கி என்ன சொல்லியிருக்கிறது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கடைக்கு வருகிறவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். 2014 நவம்பரில் போட்ட சுற்றறிக்கை, 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. மினிமம் பேலன்ஸ் குறைந்தால் முதலில் வாடிக்கையாளருக்குத் தெரியப்படுத்த வேண்டும். ஒரு மாத அவகாசம் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் குறைந்திருந்தால்தான் அபராதம். அதுவும் எவ்வளவு குறைந்ததோ அந்த அளவுக்குத் தக்கபடி இருக்க வேண்டும். அபராதத்தாலேயே கணக்கு மைனஸில் போகக் கூடாது. படிவமும் அறிவிப்பும் வட்டார மொழியிலும் இருக்க வேண்டும் என்பது அதற்கும் முன்பிருந்தே உள்ள விதி. பட்டன் போனில் வந்து விழுந்த இங்கிலீஷ் எஸ்.எம்.எஸ்.ஸை 'தெரியப்படுத்தியது' என்று உங்களில் எத்தனை பேர் மனசாரச் சொல்வீர்கள்?

மைனஸில் போகக் கூடாது என்ற விதிக்கும் ஒரு சுற்றுவழி நடக்கிறது. கணக்கில் காசு இல்லாத மாதத்தின் அபராதத்தை நிலுவையாக எழுதி வைத்துக்கொள்வது, அடுத்து எந்தக் காசு வந்தாலும் முதல் வேலையாக அதை எடுப்பது. நூறு நாள் வேலைக் கூலி வந்தாலும் சரி, பிள்ளையின் ஸ்காலர்ஷிப் வந்தாலும் சரி. 2023 செப்டம்பர் 15ஆம் தேதி கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது ஞாபகம் இருக்கும். முதல் 1,000 ரூபாய் கைக்கு வருவதற்குள் மினிமம் பேலன்ஸ் என்று சில வங்கிகள் எடுத்துக்கொண்டதாகப் புகார் கிளம்பியது. நம் பக்கத்து மாவட்டத்துக்காரரான தங்கம் தென்னரசு, அப்போது மாநில நிதியமைச்சர், அப்படிப் பிடிக்கக் கூடாது, பிடித்தால் 1100 என்ற அரசு உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள் என்று அறிக்கை விட வேண்டி வந்தது. ஒரு உதவித்தொகையைக் காப்பாற்ற அமைச்சரே பேச வேண்டியிருந்தது. பூ எடுத்துக் கொண்டுவந்து போட்ட கூலிக்காக யார் அறிக்கை விடுவார்கள்?

சராசரி இருப்பு என்பதை எங்கள் ஜனங்களுக்குப் புரிய வைக்க நான் படும் பாடு கொஞ்சம் இல்லை. சீட்டு எடுத்த காசு 6,000 ரூபாயைப் பத்து நாள் கணக்கில் வைத்திருந்துவிட்டு மீதி இருபது நாள் 300 ரூபாய் வைத்திருந்தால், ஒவ்வொரு நாள் முடிவு இருப்பையும் கூட்டினால் 66,000. முப்பதால் வகுத்தால் 2,200. அபராதம் உண்டு. "ஆறாயிரம் கிடந்துச்சே தாயி" என்று கேட்பவருக்கு இதைச் சொன்னால் நான் ஏமாற்றுகிறேன் என்பது மாதிரி பார்ப்பார். மாதச் சம்பளக்காரருக்குச் செய்த கணக்கு இது. பூவுக்கு அது ஒத்துவராது. மதுரை மல்லிக்கு 2013லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, பெருமைதான். ஆனால் எடுக்கிற கைக்கு வருகிற காசு அன்றன்றைக்கு மாறும். வெயில் காலத்தில் பூ கொட்டும், விலை விழும். பனி இறங்கினால் விலை ஏறும், செடியில் மொட்டு இருக்காது. எடைக்குக் கூலி வாங்குகிறவருக்கு விலை ஏறினதால் ஒன்றும் வந்துவிடாது. இந்த ஏற்ற இறக்கத்தை மாதம் பூராவும் 2,500 என்று ஒரே மட்டத்தில் நிறுத்தச் சொல்வது எப்படி நியாயம்?

உங்கள் பக்கத்து நியாயத்தையும் நான் யோசிக்காமல் இல்லை. கணக்கு நடத்தச் செலவு இருக்கிறது. கிளையில் ஆள் குறைவு, கியூ நீளம். வேண்டுமென்றே காசு வைக்காமல் ஆட்டோ டெபிட்டைத் திருப்பி விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அபராதம் வேண்டியதுதான். நான் கேட்பதெல்லாம் இல்லாதவரையும் கொடுக்காதவரையும் பிரித்துப் பாருங்கள் என்பதுதான். கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. எதிரே உட்கார்ந்து பாஸ்புக்கைப் புரட்டும் உங்களுக்கு ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

கோர்ட்டுக்கே அந்தப் பிரிப்பு தெரிந்திருக்கிறது. என் கடைக்கு எதிர் வரிசையில் ஒரு வக்கீல் அலுவலகம் இருக்கிறது. ஒரு நாள் அந்த வக்கீலம்மா ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்த பக்கத்தைப் படித்து விளக்கிச் சொன்னார். 1908ஆம் வருஷத்து உரிமையியல் நடைமுறைச் சட்டம், 60ஆம் பிரிவு. கடன் கட்டாதவர் வீட்டில் கோர்ட் உத்தரவோடு ஜப்திக்குப் போகிறவர்கள்கூட எதையெல்லாம் தொடக் கூடாது என்று அதில் இருக்கிறது. உடுத்துகிற துணி, சமைக்கிற பாத்திரம், படுக்கை, பெண்கள் தங்கள் வழக்கப்படி கழற்றக் கூடாத நகை. கைத்தொழில் செய்கிறவர் என்றால் அவருடைய கருவி. விவசாயி என்றால் ஏர்க்கருவி, மாடு, விதைத் தானியம். வெள்ளைக்காரன் காலத்தில், உண்மையாகவே கடன்பட்டு, வழக்கில் தோற்றுப்போன ஆளுக்கே பானையையும் விதையையும் விட்டுவைத்தார்கள். மதினி வங்கியிடம் கடன் வாங்கவில்லை. கணக்கில் காசு குறைவாக வைத்திருந்தார், அவ்வளவுதான். அந்த 1,640 ரூபாய்தான் வீட்டின் விதைநெல். அதில் எதையும் விட்டுவைக்கும் வழக்கம் உங்கள் கட்டணப் பட்டியலில் இல்லை.

இப்படிச் சின்னச் சின்னதாகப் போகிற காசு ஒரு இடத்தில் சேரும்போது எவ்வளவு ஆகிறது என்பது நாடாளுமன்றத்தில் சொன்ன பதிலிலேயே இருக்கிறது. 2019-20 முதல் 2023-24 வரை ஐந்து வருஷத்தில் மினிமம் பேலன்ஸ் இல்லாததற்காக அரசு வங்கிகள் மட்டும் வசூல் செய்தது சுமார் 8,500 கோடி ரூபாய். 2024 ஜூலையில் நிதித்துறை இணையமைச்சர் கொடுத்த கணக்கு. ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சிலேயே இந்த அபராதத்தை எடுத்துவிட்டது. அதை விட்டுவிட்டு மற்ற வங்கிகள் சேர்த்தது எவ்வளவு என்று பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. 2025இல் கனரா, பரோடா, இந்தியன், பஞ்சாப் நேஷனல் வங்கிகளும் சேமிப்புக் கணக்குக்கு இந்த அபராதம் கிடையாது என்று அறிவித்தன. அந்த வங்கிகளின் கிளையில் இருப்பவர்களுக்கு என் நன்றி. ஆனால் எடுத்ததை நிறுத்துவது ஒன்று, ஏற்கெனவே எடுத்ததைப் பற்றிப் பேசுவது இன்னொன்று. நான் பார்க்கும் பாஸ்புக்குகளில் தவணை பவுன்ஸ் கட்டணமும் குறைந்தபாடில்லை.

கட்டணத்தைத் திரும்பக் கேட்க என்ன வழி என்று இணையத்தில் தேடிப் படித்தபோது பிரிட்டன் நாட்டுக் கதை ஒன்று கிடைத்தது. அங்கே கணக்கில் இருப்பதைவிட அதிகமாக எடுத்தால் போடும் கட்டணம் பெரிய சண்டையாகி உச்ச நீதிமன்றம் வரை போனது. 2009 நவம்பரில் தீர்ப்பு வங்கிகளுக்குச் சாதகமாக வந்தது. அந்தக் கட்டணம் நியாயமான அளவா என்று நுகர்வோர் ஒப்பந்த விதியின் கீழ் ஆராய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதோடு எல்லாம் முடிந்தது என்று ஜனங்கள் விட்டுவிடவில்லை. பணக் கஷ்டம் என்ற ஒரு கதவு திறந்திருந்தது. கஷ்டத்தில் இருக்கும் வாடிக்கையாளரை வங்கி பரிவோடு நடத்த வேண்டும் என்ற நெறி அங்கே உண்டு. மாத வரவு செலவை ஒரு தாளில் எழுதி, இந்தக் கட்டணம் என் வாடகையை, சாப்பாட்டைத் தின்கிறது, திருப்பிக் கொடுங்கள் என்று கடிதம் கொடுத்தார்கள். பலருக்குத் திரும்பவும் வந்தது. வங்கி மறுத்தால் செலவில்லாமல் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2020 ஏப்ரலில் முன்அனுமதி இல்லாமல் அதிகம் எடுப்பதற்கான நிலையான அபராதத்தையே அங்கே தடை செய்துவிட்டார்கள்.

இங்கேயும் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் பதில் இல்லை என்றால், அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியிடம் போகலாம். காசு கட்ட வேண்டாம். புகார் வாங்கும் ரிசர்வ் வங்கி மையம் சண்டிகரில் இருக்கிறது, அங்கே தபாலில்கூட அனுப்பலாம். 14448க்கு போன் போட்டுத் தமிழிலேயே விவரம் கேட்டுக்கொள்ளலாம். முன்னறிவிப்பு இல்லாமல் பிடித்தது, மைனஸில் கொண்டுபோனது மாதிரி விதியை மீறிய காசுக்கு அந்த வழி போதும். ஆனால் வங்கியின் வணிக முடிவு என்று வருகிற விஷயத்தில் அவர் தலையிட மாட்டார். அதாவது விதிப்படியே பிடித்து, ஆனால் ஒரு வீட்டைச் சாய்த்துவிட்ட 295 ரூபாய்க்கு எங்கேயும் போய் நிற்க முடியாது. அதற்கு நீங்கள்தான் இருக்கிறீர்கள். அதனால்தான் சண்டிகருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

பிரிட்டன்காரர்கள் செய்வது மாதிரியே மதினிக்கும் ஒரு வரவு செலவுத் தாள் போட்டேன். கடைத் திண்ணையில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பூ எடுத்தது அந்த மாதம் பதினொரு நாள், மழையால் மற்ற நாள் இல்லை, 2,400. வீட்டில் பூக் கட்டிக் கொடுத்தது 900. வீட்டுக்காரர் செங்கல் சேம்பருக்குப் போகிறவர், மழையில் அதுவும் நின்றுபோய் வந்தது 3,000. உரிமைத் தொகை 1,000. செலவுப் பக்கத்தில் கேஸ், மளிகை, மாமியாரின் சுகர் மாத்திரை, மகளுக்கு காலேஜ் பஸ் பாஸ், குழுக் கடன். "காய்கறின்னு எழுதட்டுமா மதினி?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்த மாசம் முருங்கைக் கீரையும் தோட்டத்துக் கத்திரிக்காயும்தான், காசு போட்டு வாங்கலை, எழுதாதே" என்றார். வாங்காததை எழுதக் கூடாது என்று அவ்வளவு கவனமாக இருந்தார். கூட்டிப் பார்த்தால் அந்த 1,850 தவணையைச் சேர்க்காமலேயே 140 ரூபாய் துண்டு விழுந்தது. அந்தத் தாளையும் பாஸ்புக் பக்கத்தின் நகலையும் மனுவோடு வைத்து பின் அடித்துத்தான் முதல் தடவை கொண்டு போனோம். யாரும் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை.

நான் கேட்பவை பெரிய விஷயங்கள் கிடையாது. பணக் கஷ்டம் என்று எழுதிக்கொண்டு வருகிற மனுவை வாங்குங்கள், நகலில் தேதி போட்டு சீல் வைத்துக் கொடுங்கள். அந்த சீல் இல்லாமல் 30 நாள் எந்தத் தேதியிலிருந்து என்று நாங்கள் எப்படி எண்ணுவது? பாஸ்புக்கைப் பார்த்து, கஷ்டம் உண்மை என்று உங்களுக்குப் பட்டால், உங்கள் அதிகாரத்துக்குள் இருப்பதைத் திருப்பிப் போடுங்கள். உங்கள் அதிகாரத்தைத் தாண்டியது என்றால் மண்டல அலுவலகத்துக்குப் பரிந்துரைத்து அனுப்புங்கள், அனுப்பியதை எங்களிடம் சொல்லுங்கள். ஒரு மாதத் தவணை எத்தனை தடவை திரும்பினாலும் ஒரு தடவைக்கு மேல் கட்டணம் போடாமல் இருக்க உங்கள் மேலிடத்துக்கு எழுதுங்கள். மாவட்ட அளவில் முன்னோடி வங்கி நடத்தும் வங்கியாளர் கூட்டத்தில் இதை ஒருவராவது எழுப்புங்கள்.

அப்புறம் இந்த ஜீரோ பேலன்ஸ் கணக்கு. 2012 ஆகஸ்டிலிருந்து எல்லா வங்கியும் அடிப்படைச் சேமிப்புக் கணக்கு கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மினிமம் பேலன்ஸ் கிடையாது, ஏ.டி.எம். கார்டுக்கு வருஷக் கட்டணம் கிடையாது, மாதம் நாலு தடவை இலவசமாகப் பணம் எடுக்கலாம். ஏற்கெனவே சேமிப்புக் கணக்கு வைத்திருப்பவர் எழுதிக் கேட்டால் அதையே மாற்றிக்கொடுக்க வேண்டும். அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்பது ஒன்றுதான் முக்கியமான கட்டுப்பாடு, அது எங்கள் ஜனங்களுக்கு ஒரு கஷ்டமே இல்லை. ஆனால் இப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. என் கடைக்கு வருகிறவர்களில் பலர், 2014இல் வந்த பிரதமர் ஜன்தன் கணக்கில்தான் ஜீரோ பேலன்ஸ், அது அரசாங்கத்துக்காரன் கேம்ப் போட்டபோது எடுத்தவர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மாதாமாதம் ஒரு கணக்கில் அபராதம் விழுந்துகொண்டே இருக்கிறது என்றால் அந்த ஆளைக் கூப்பிட்டு, "அம்மா, இதை மாத்திக்கிறீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்க முடியாதா? இன்சூரன்ஸ் போடச் சொல்லியும் கிரெடிட் கார்டு வாங்கச் சொல்லியும் போன் பண்ண ஆள் இருக்கிறதே. மில்லை விட்டு நின்ற பெண்களின் கணக்குகள் இந்தப் பக்கம் நிறைய இருக்கும். சம்பளம் நின்ற மாதத்திலேயே அவர்களுக்குத் தமிழில் ஒரு கடிதம் போனால் மதினிக்கு நடந்தது இன்னொருத்தருக்கு நடக்காது.

இந்த மாதத்திலிருந்து என் கடையில் கஷ்ட மனுவுக்கு ஒரு மாதிரி டைப் அடித்து வைத்திருக்கிறேன். பெயர், கணக்கு எண், எந்தத் தேதியில் எவ்வளவு பிடித்தீர்கள், அந்த மாதம் வீட்டு வரவு செலவு என்ன, கணக்கை அடிப்படைக் கணக்காக மாற்றச் சம்மதம் என்று ஒரே பக்கம். எழுதவும் நகல் எடுக்கவும் காசு வாங்குவதில்லை. மற்ற ஊர்களில் கடை வைத்திருப்பவர்கள் கேட்டால் அவர்களுக்கும் அனுப்பித் தருகிறேன். ஆக இனிமேல் உங்கள் மேஜைக்கு இந்த ஒரு பக்கத் தாள் அடிக்கடி வரும். தொந்தரவாக நினைக்க வேண்டாம். அந்தத் தாளோடு வருகிறவர் அன்றைக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருப்பார். ரெண்டு பஸ் மாறி வந்திருப்பார். முதலில் உட்காரச் சொல்லுங்கள்.

செல்லம்பட்டி மதினி வருகிற திங்கட்கிழமை பூ எடுத்து முடித்துவிட்டு மறுபடி தன் கிளைக்கு வருகிறார். பதினொரு மணி போல ஆகும். கையில் மனு, வரவு செலவுத் தாள், பாஸ்புக் நகல் மூன்றும் இருக்கும். நானும் கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் பார்க்கச் சொல்லிவிட்டுக் கூட வருகிறேன். அந்த மேலாளர் இதைப் படித்தால் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்தத் தடவை அந்த வரவு செலவுத் தாளைத் திருப்பிப் பாருங்கள்.

இப்படிக்கு,
உசிலம்பட்டியிலிருந்து
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரி